கைநாட்டும் கைரேகையும்: 'கற்றல் பாணி' என்னும் வகைப்பாடு குறித்துச் சில குறிப்புகள்

1

என் அக்கா மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. பெயர் வேண்டாம், வேறு பல பள்ளிகளுக்கும் இது பொருந்தும். போன வருஷம் அங்கே பிள்ளைகளின் பத்து விரல் ரேகைகளையும் ஒரு கருவியில் பதித்து, கேள்வித்தாள் ஒன்றையும் நிரப்பச் சொல்லி, தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தனுப்பினார்கள். வழவழப்பான தாள், வண்ணத்தில் மூளையின் படம். அதன்படி இவன் 'பார்த்துக் கற்பவன்' அல்ல, 'கேட்டுக் கற்பவன்' அல்ல, 'செய்து கற்பவன்'. சிந்தனைப் பாணி என்ற கட்டத்தில் தர்க்கம் குறைவு, அனுபவம் மிகுதி என்றிருந்தது. ஏற்ற துறைகள்: விளையாட்டு, சமையற்கலை, வாகனப் பழுதுபார்த்தல். கணிதம் சார்ந்த படிப்புகளைத் தவிர்ப்பது நல்லது என்று கடைசியில் ஒரு வரி.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவன் மார்க் சரிந்தது. என்ன மக்கா என்று கேட்டேன். "எனக்கு கணக்கு வராது மாமா. நான் கையால படிக்கிய ஆளாக்கும். ரிப்போட்லயே போட்டிருக்காவ" என்றான். குரலில் வருத்தமில்லை. ஒரு நிம்மதி இருந்தது. என்னைத் தொந்தரவு செய்தது அந்த நிம்மதிதான். அக்காவிடம் சொன்னால், "துட்டு குடுத்து எடுத்த ரிப்போட்டுல்லா தம்பி, பொய்யா சொல்லும்?" என்கிறாள்.

நான் கல்வியியல் படித்தவனல்ல. தமிழ் எம்.ஏ. ஒரு பிரதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாரை எங்கே நிறுத்துகிறது என்று பார்க்கப் பழகியவன். அந்த அறிக்கையையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். அதில் ஒரு பையனைப் பற்றிய செய்தி குறைவு. அவனை ஒரு இடத்தில் உட்காரவைக்கும் வேலைதான் அதிகம்.

2

இந்தப் பிரதியின் மூலத்தை முதலில் பார்த்துவிடலாம். மனிதர்கள் கண், காது, கை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றின் வழியாகவே நன்றாகக் கற்கிறார்கள் என்ற கருத்தை 1979இல் அமெரிக்காவில் வால்டர் பார்பேயும் அவர் சகாக்களும் கல்வித்துறையில் பரப்பினார்கள். 1992இல் நியூசிலாந்துக்காரரான நீல் ஃப்ளெமிங் வாசித்தல்-எழுதுதல் என்ற நான்காவது வழியையும் சேர்த்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். 1984இல் டேவிட் கோல்ப் அனுபவத்திலிருந்து கருத்துக்குப் போவது, கருத்திலிருந்து செயலுக்கு வருவது என்று சிந்தனைப் பாணிகளைப் பகுத்தார். 1983இல் ஹோவர்ட் கார்ட்னர் எழுதிய பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டையும் இவற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஆனால் கார்ட்னரே 2013இல், நான் சொன்ன நுண்ணறிவுகள் வேறு, கற்றல் பாணிகள் வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று எழுதவேண்டி வந்தது.

2004இல் ஃபிராங்க் காஃபீல்டும் மற்றவர்களும் இங்கிலாந்தில் இவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது 71 விதமான பாணி மாதிரிகள் கிடைத்தன. 13ஐ மட்டும் நுணுகி ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றின் அளவுகோலே நிலையாக இல்லை. 2008இல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். கண்ணால் கற்பவர்கள் என்று சொல்லப்படுபவர்களில் பாதிப்பேருக்குக் கண்வழிப் பாடமும் பாதிப்பேருக்குக் காதுவழிப் பாடமும் கொடுங்கள். காதால் கற்பவர்களுக்கும் அப்படியே செய்யுங்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். கண்காரர்கள் கண்வழியிலும் காதுகாரர்கள் காதுவழியிலும் மற்றதைவிடக் கூடுதலாகத் தேறினால் அல்லவா கோட்பாடு நிற்கும்? இந்த முறையில் நடந்த ஆய்வுகளே மிகச் சில. அவற்றிலும் பல கோட்பாட்டுக்கு எதிராகவே முடிந்திருந்தன. இவ்வளவுக்குப் பிறகும், 2012இல் வெளியான ஒரு ஆய்வில் பிரிட்டனில் 93 விழுக்காடு ஆசிரியர்களும் நெதர்லாந்தில் 96 விழுக்காடு ஆசிரியர்களும் இதை நம்புவதாகச் சொன்னார்கள். ஆகவே நம்ம ஊர் டீச்சர்மாரை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை.

விருப்பம் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். படமாகப் பார்த்தால்தான் எனக்குப் படியும் என்பது வேறு கூற்று. பிடிப்பதும் படிவதும் ஒன்றல்ல. இந்த வகைப்பாடு முதலாவதைக் கேட்டு வாங்கி இரண்டாவதாக விற்கிறது.

விரல்ரேகைக்கு இந்த அளவு ஆதாரம்கூடக் கிடையாது. ரேகை தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகிறது. அதற்கும் ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே அறிவித்திருக்கிறது. பிறகும் வியாபாரம் நடக்கிறதென்றால், அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு நம்பிக்கையைத் தொட்டுத்தான் நடக்கிறது. அது என்னவென்று பார்க்க நம் பிரதிகளுக்குள் போகவேண்டும்.

3

தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புல்லும் மரமும் தொட்டறியும் ஓரறிவு. பிறகு நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூடி, ஆறாவதாக மனம் மனிதருக்கு. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஏணி என்று வாசித்தால் தொடுகை அடியிலும் மனம் உச்சியிலும் இருக்கின்றன. செவி மனத்துக்கு அடுத்த படியில். சேர்மானம் என்று வாசித்தால் ஆறாவது வந்ததால் முதலாவது போய்விடுவதில்லை. மனிதர் என்றால் ஆறும் சேர்ந்தவர். நூல் சொல்வது சேர்மானத்தை. நம் சமூகம் பழகிக்கொண்டது ஏணியை. கேட்டும் ஓதியும் அறிகிறவர் மேலே, தொட்டுச் செய்து அறிகிறவர் கீழே.

நன்னூலில் இது இன்னும் கூர்மையாகிறது. பவணந்தி மாணாக்கரை முதல், இடை, கடை என்று மூன்றாகப் பிரித்து உவமை தருகிறார். பாலைப் பிரிக்கும் அன்னமும் மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல். இட்ட உழைப்புக்கு ஏற்பத் தரும் மண்ணும் சொன்னதைச் சொல்லும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், அங்கங்கே நுனி கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பிடிக்கும் அரிப்பு ஆகியவை கடை. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது நாங்கள் பெஞ்சு பெஞ்சாக யார் எருமை, யார் ஆடு என்று சொல்லிச் சிரித்தோம். அடுத்து வருவதைக் கவனித்திருக்க வேண்டும். யாருக்கெல்லாம் பாடம் சொல்லக் கூடாது என்று ஒரு பட்டியலே வருகிறது. சோம்பேறி, நோயாளி, மந்தன், இன்னும் பலர். வகைப்படுத்தல் விலக்கலில் போய் முடிகிற வழியை ஒரு இலக்கண நூலின் பாயிரத்திலேயே பார்க்கலாம்.

அதே பாயிரத்தில் இன்னொரு நன்னூலும் இருக்கிறது. நூலை எப்படிப் பயில்வது என்று சொல்லும் பகுதி. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டாலும் புலமையில் கால்பங்குதான் கிடைக்கும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால்பங்கு. மீதிப் பாதி பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். இங்கே அன்னமும் இல்லை, எருமையும் இல்லை. கற்பவருக்கு முத்திரை இல்லை. கற்றலுக்குப் படிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் அதே படிகள்.

ஆளைப் பிரிக்கும் நன்னூல், வழியைச் சொல்லும் நன்னூல். நம் பள்ளிகள் முதலாவதைத்தான் புதிய தாளில் அச்சடித்துக்கொண்டிருக்கின்றன.

4

இதை ஏன் இவ்வளவு சீரியஸாக எடுக்கவேண்டும் என்று கேட்கலாம். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பத்திரம் இருக்கிறது. அதில் என் பாட்டாவின் கைநாட்டு. பாட்டா பனையேறி. கைநாட்டு என்பது தமிழில் வெறும் அடையாளமல்ல, வசவு. 'அவன் கைநாட்டுல்லா' என்றால் எழுத்துக்குள் வரமுடியாதவன் என்று பொருள். பத்திரத்தில் கட்டைவிரலை அமுக்கியபோது அந்த விரலுக்குத் தெரிந்ததெல்லாம் இல்லாமலாகிவிடும்.

பாட்டாவுக்கு என்ன தெரியும்? பாளை நுனியை அன்றன்றைக்கு எவ்வளவு மெலிதாகச் சீவவேண்டும் என்று தெரியும். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துக் கள்ளாகிவிடும், கூடினால் கருப்பட்டி சரியாக உறையாது. அந்த அளவு தெரியும். எந்த மரம் எத்தனை நாளைக்குக் கொடுக்கும், மரத்துக்காரருக்கு எந்த நாள், தனக்கு எந்த நாள் என்ற கணக்கு முழுவதும் நினைவில். அடுப்படியில் பாட்டி கொதிக்கும் சத்தத்தைக் கேட்டும் மணத்தைப் பிடித்தும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டியும் பதம் பார்ப்பாள். இதில் எது கண், எது காது, எது கை, எது புத்தி? "கையாலயாலே பனை ஏறுகோம்? கணக்காலயாக்கும்" என்பார் பாட்டா. 'செய்து கற்பவன்' என்று இன்றைக்கு மருமகனுக்குக் கிடைத்த பட்டம் அந்தக் கணக்கை அழித்துவிட்டுக் கையை மட்டும் வைத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் ரேகைக்கு இதைவிடக் கொடிய வரலாறும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். விரலைப் பதிந்தால் பிறப்பிலேயே குற்றவாளி. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் பதிய மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். அன்றைய ரேகைப் பதிவையும் இன்றைய பள்ளி அறிக்கையையும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒருவர் என்னவாக ஆவார் என்பது அவர் செய்ததில் இல்லை, உடலிலேயே எழுதியிருக்கிறது என்ற தர்க்கம் இரண்டிலும் ஒன்று.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் இங்கே நினைக்கவேண்டும். பள்ளி மூன்று மணி நேரம், மிச்ச நேரம் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் வந்து கைவிட்டார். எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில். 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் அந்தத் திட்டம் எங்கள் எல்லைக்குள் வரவில்லை. அதன் அடிப்படை இங்கே ஏற்கெனவே இருந்தது. 1817இலேயே கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று திருவிதாங்கூர் ராணி ஆணையிட்டாள். ஆனால் பள்ளி வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வயல்வேலையை நிறுத்தவேண்டியிருந்தது. கைக்குப் பிறந்தவர்களுக்கு எழுத்து எதற்கு என்பதுதான் எதிர்த்தரப்பின் கேள்வி.

1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். எழுத்தும் கூடவே. ரேந்தை விற்ற காசில் சில அடிமைப்பெண்கள் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மிஷனரிகளின் அதிகாரத்தைப் பற்றித் தனியாக விவாதிக்கலாம். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுதான். நீ கைவேலைக்காரி, ஆகவே ஊசி போதும் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. ஊசியும் புத்தகமும் ஒரே கைக்குக் கிடைத்தன.

5

அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கோபப்பட்டார். "எல்லாப் பிள்ளையளும் ஒண்ணுபோலயா இருக்கு? கிளாசுக்கு வந்து பாரும். ஒருத்தன் படம் போட்டா புடிச்சுக்கிடுகான், ஒருத்திக்கு பாட்டாச் சொன்னாத்தான் ஏறுகு." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் ஒன்றுபோல இல்லை. ஏற்கெனவே தெரிந்தது வேறு, வீட்டு மொழி வேறு, காலையில் சாப்பிட்டு வந்தாளா என்பது வேறு. காது கேளாத பிள்ளைக்குச் சைகைமொழி வேண்டும், பார்வையில்லாத பிள்ளைக்குப் பிரெய்ல் வேண்டும். பக்கத்தில் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இருவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் வந்துவிட்டன. அது விருப்பமல்ல, உரிமை. எது வித்தியாசம், எது முத்திரை என்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

பாடத்தைப் பல வழிகளில் கொடுப்பது பழைய முறையும்கூட. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்கள். விரல், கண், வாய், காது நான்கும் ஒரே எழுத்தின்மேல். எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் இதைக் கண்டு தன் பள்ளியில் புகுத்தினார். 1797இல் இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று அது உலகம் சுற்றியது. திண்ணையைப் புகழ்ந்துவிட முடியாது. பிரம்பும் இருந்தது, சாதியும் இருந்தது. ஏறி உட்கார முடிந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஏறியவர்களை அது கண்பிள்ளை, காதுபிள்ளை என்று பிரிக்கவில்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்திலிருந்து எடுத்தது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்த்திய கரும்பலகை, அவர்கள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். அதன்மேல் எனக்கு விமர்சனம் உண்டு. ஆசிரியருக்கு அட்டை அடுக்குகிற வேலை கூடியது. காசுள்ளவர்களின் பள்ளிகளுக்கு வெளியே மட்டுமே அந்தப் பரிசோதனை நடந்தது. ஆனாலும் ஏணி எல்லோருக்கும் ஒன்று; ஏறும் வேகம்தான் வேறு. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் குழுவாக்கினார்கள். அதிலும் ஆபத்து உண்டு. அரும்பிலேயே உட்காரவைத்துவிட முடியும். ஆயினும் அரும்பு என்பது நிலை. மொட்டாகலாம், மலராகலாம். 'செய்து கற்பவன்' என்பது நிலையல்ல, பிறவி. அது எதுவாகவும் ஆகாது.

6

எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிள்ளை முடிவு செய்வதில்லை. பாடம்தான் முடிவு செய்கிறது. எங்கள் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் கரையிலுள்ள மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்பிடித்துக் கடலில் இடம் குறிப்பார்கள். 'நான் காதுக்காரன், எனக்கு மலையைப் பற்றிப் பாட்டாகச் சொல்லு' என்று ஒரு பையன் கேட்டால் வள்ளம் வேறெங்கோ போய்விடும். வர்ம ஆசானிடம் படிக்கிறவன் விரலால் தொட்டுத்தான் இடம் அறியவேண்டும். ஏட்டுப் பாடலும் மனப்பாடமாக வேண்டும். வில்லுப்பாட்டில் குடத்துக்கு இருப்பவன் கேட்டுத்தான் தாளம் பிடிக்கவேண்டும்.

மருமகனுக்குக் கணக்கில் அப்போது முக்கோணவியல் நடந்துகொண்டிருந்தது. மேற்சொன்ன ஆசிரிய நண்பர் ஒரு சாயங்காலம் வந்தார். பாகைமானி, அதில் ஒரு உறிஞ்சுகுழல், ஒரு நூல், நூல் நுனியில் ஒரு நட்டு. அவ்வளவுதான் கருவி. பாட்டா ஏறிய பனைகளில் ஒன்று இன்னும் நிற்கிறது. உச்சி 45 பாகையில் தெரிகிற இடம்வரை பையன் பின்னால் நடந்தான். அங்கிருந்து மரத்தடிக்கு டேப் பிடித்து, அதுதான் உயரம் என்றான். நண்பர் சிரித்துக்கொண்டு, "அப்ப நீ தரையிலயா கெடந்து பாத்த?" என்று கேட்டார். தன் கண்ணின் உயரத்தைக் கூட்ட மறந்திருந்தான்.

பார்த்தாயா, செய்து கற்றான், அறிக்கை சொன்னது சரிதானே என்று யாராவது கேட்கக்கூடும். கதை அங்கே முடியவில்லை. மரத்தை விட்டு வீட்டுக்கு வந்து, மரமில்லாமல், படம் மட்டும் போட்டு 30 பாகைக்குச் செய்யச் சொன்னபோது திணறினான். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரவைத்தோம். அவள் எட்டாம் வகுப்பு. அவளுக்கு விளக்கப்போய்த்தான் எங்கே தவறுகிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. நன்னூல் சொன்ன மீதிப் பாதி இதுதான். கை அவனைக் கணக்கின் வாசல்வரை கூட்டிவந்தது. உள்ளே போகப் படமும் குறியீடும் பேச்சும் வேண்டியிருந்தன. கையோடு நின்றிருந்தால் வாசலிலேயே நின்றிருப்பான்.

அவனுக்குக் கணக்கு வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த ஒரு பாடம் வந்தது. வட்டத் தேற்றங்கள் இன்னும் வரவில்லை. "இதும் அப்பிடித்தான் வருமா மாமா?" என்று கேட்கிறான். தெரியவில்லை மக்கா, இருந்து பார்ப்போம் என்றேன். 'எனக்கு வராது' என்பதிலிருந்து 'வருமா' என்ற கேள்விக்கு வந்திருக்கிறான். இப்போதைக்கு அது போதும்.

எழுத்தாளர்களும் இயக்க நண்பர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நுழைவுத்தேர்வு, கட்டணம், பாடநூல் என்று பேசுகிறோம். இந்த வழவழப்புத் தாளைப் பற்றிப் பேசுவதில்லை, இது அறிவியல் வேஷத்தில் வருவதால். பெற்றோர் கூட்டங்களில் மூன்று கேள்விகளைக் கேட்கவைக்க வேண்டும்: எதை வைத்து என் பிள்ளையை இப்படிச் சொல்கிறீர்கள்? இந்த முத்திரையால் என்ன பாடம் அவனுக்குக் குறையும்? அடுத்த வருஷம் இது மாறுமா? பி.எட். வகுப்பில் கற்றல் பாணிகளைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் 2004, 2008 ஆய்வுகளையும் சேர்த்துச் சொல்லட்டும். விரல்ரேகை எடுப்பதைப் பள்ளிக்குள் விடவே கூடாது.

பரீட்சை முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புக்கு என்ன குரூப் என்று கேட்பார்கள். விண்ணப்பத்தோடு அந்த அறிக்கையையும் வைக்கவேண்டுமா என்று அக்கா கேட்டாள். வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவன் எந்தக் குரூப் எடுத்தாலும் சரி, வண்டி மெக்கானிக் ஆனாலும் சரி, அது அவன் முடிவாக இருக்கட்டும். மெக்கானிக் வேலையில் கணக்கு இல்லை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று பார்க்கவேண்டும்.